பணிக் கைபேசியும் சமூக ஊடகமும்

கொல்கத்தா மாநகரிலிருந்து ஹூக்ளி ஆற்றைக் கடந்து மேற்கே சென்றால், ஹௌரா மாவட்டத்தில் சாந்த்ராகாச்சி ரயில் நிலையம் அமைந்துள்ளது. பனிக்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஏரியால் பெயர் பெற்ற இவ்வூர், தென்கிழக்கு ரயில்வேயின் கரக்பூர் கோட்டத்தில் போக்குவரத்து மிகுந்த இடங்களுள் ஒன்றாகும். ஹௌராவிலிருந்தும் ஷாலிமாரிலிருந்தும் சென்னை நோக்கிப் புறப்படும் ரயில்கள் இவ்வழியே செல்கின்றன. சென்னைக்கான சில ரயில்கள் இங்கிருந்தே புறப்படுகின்றன. மின்சார என்ஜின்களைப் பராமரிக்கும் பணிமனையும் பயணிகள் பெட்டிகளைப் பராமரிக்கும் கூடமும் நிலையத்தை அடுத்து உள்ளன.

இத்தகைய நிலையமொன்றில் பணிபுரிவோரை எண்ணிப் பார்த்தால், அரசுப் பணிக்கென வழங்கப்படும் கைபேசி எத்தனை வகையான கைகளில் உள்ளது என்பது விளங்கும். நிலைய அதிகாரி, என்ஜின் ஓட்டுநர், ரயில் மேலாளர், பயணச்சீட்டுப் பரிசோதகர், பணிமனைப் பொறியாளர், தண்டவாளப் பராமரிப்பாளர், ரயில்வே பாதுகாப்புப் படையினர் எனப் பலரும் துறையின் தொடர்பு எண்ணைப் பயன்படுத்துகின்றனர். ஒரே குழுவுக்குள் கட்டணமின்றிப் பேசிக்கொள்ள உதவும் ‘சி.யூ.ஜி.’ இணைப்புகள் 2019 ஜனவரி முதல் புதிய ஒப்பந்தத்தின்கீழ் விரிவாக்கப்பட்டன. அவ்வொப்பந்தம் சுமார் 3.78 லட்சம் இணைப்புகளுக்கென வகுக்கப்பட்டது.

பேசுவதற்கென அளிக்கப்பட்ட இணைப்பிலேயே இன்று திரைப்படக் காட்சியும், நண்பர் குழுவின் செய்தியும், கிரிக்கெட் ஆட்டமும், அந்நியரின் நட்பு அழைப்பும் வந்து சேருகின்றன. அரசுச் செலவில் இயங்கும் கைபேசியில் சமூக ஊடகத்தை எந்த அளவுக்கு அனுமதிப்பது என்பது இப்போது உலகின் பல அரசுகளும் விடைகாண முயலும் வினாவாகும். தடை என்ற ஒரு சொல்லால் இதற்கு விடை கிடைத்துவிடுவதில்லை. ஒவ்வொரு பதவியும் பொதுமக்களுக்கு எத்தகைய கவனத்தைக் கடன்பட்டிருக்கிறது என்பதை அறிந்து விதி வகுத்தாலன்றி, தடை ஏட்டளவில் நின்றுவிடும்.

தொலைபேசிப் பூட்டும் இன்றைய நிலையும்

அரசுத் தொலைபேசியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தும் வழக்கம் புதிதன்று. முன்னாளில் அலுவலகத் தொலைபேசியின் சுழல்தட்டில் சிறு பூட்டு தொங்கியதைப் பலர் நினைவுகூர்வர். வெளியூருக்கு ‘டிரங்க் கால்’ பேசினால் பதிவேட்டில் எழுத வேண்டும்; சொந்த அழைப்பானால் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். ஒவ்வோர் அழைப்புக்கும் தனி விலை இருந்ததால், கணக்குப் பார்ப்பது எளிதாக இருந்தது. தவறாகப் பயன்படுத்தினால் அரசுக்கு எத்தனை ரூபாய் இழப்பு என்பதைப் பதிவேடே சொல்லிவிடும்.

இன்று அந்தக் கணக்கு பொருளற்றதாகிவிட்டது. அரசின் புள்ளிவிவரங்களின்படி, 2014ஆம் ஆண்டில் ஒரு ஜிகாபைட் தரவுக்குச் சராசரியாகச் சுமார் 269 ரூபாய் செலவாயிற்று. பத்தாண்டுகளுக்குள் அது ஏறத்தாழ 10 ரூபாயாகக் குறைந்தது. மாதம் ஒன்றுக்கு ஒரே கட்டணம் என்றான பின்பு, கூடுதலாக ஒரு மணி நேரம் காணொளி பார்ப்பதால் அரசுக்கு நேரும் பணச்செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பொருளியலில் ‘இறுதிநிலைச் செலவு’ எனப்படுவது இங்கே பூஜ்யத்தை நெருங்கிவிட்டது. ஆகவே, விலை என்னும் பழைய காவலன் விலகிக்கொண்டான்.

ஆனால், செலவே இல்லை என்று கொள்வது தவறு. அமெரிக்கப் பொருளியலறிஞரும் 1978ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமான ஹெர்பர்ட் சைமன், தகவல் பெருகப் பெருக அதனைப் பெறுவோரின் கவனம் பற்றாக்குறைப் பொருளாகிறது என்பதை 1971ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பணிக் கைபேசியின் உண்மையான செலவு தரவுக் கட்டணத்தில் இல்லை. அக்கைபேசியை வைத்திருப்பவரின் கவனத்தில் உள்ளது. கவனம் சிதறுவதால் கிடைக்கும் சிறு இன்பம் ஒருவருக்கு. அதனால் விளையும் தீங்கு பெரும்பாலும் வேறு பலருக்கு. இவ்வாறு பயனும் இழப்பும் வெவ்வேறு தலைகளில் விழும் இடத்தில் பொது விதி தேவைப்படுகிறது.

ஐந்து விநாடியின் விலை

ஓடும் என்ஜினை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் ஐந்து விநாடி கைபேசித் திரையை நோக்கினால், அதற்குள் ரயில் 150 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். இடையில் ஒரு சிக்னல் கடந்துவிட்டால், அதனைத் திரும்பப் பார்க்க இயலாது. பேருந்தைப் போல் ரயிலை உடனே நிறுத்தவும் இயலாது. வேகமாகச் செல்லும் நீண்ட பயணிகள் ரயிலை நிறுத்தப் பல நூறு மீட்டர் தூரம் தேவைப்படுகிறது.

உலக அனுபவம் இதனை உறுதிப்படுத்துகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாட்ஸ்வொர்த் என்னுமிடத்தில் 2008 செப்டம்பர் 12 அன்று பயணிகள் ரயிலொன்று சிவப்பு சிக்னலைக் கடந்து சரக்கு ரயிலுடன் மோதியதில் 25 பேர் மாண்டனர். மோதலுக்கு 22 விநாடிகளுக்கு முன் ஓட்டுநர் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார் என்பதை விசாரணை கண்டறிந்தது. பணியில் கைபேசி கூடாது என்ற விதி அங்கு முன்பே இருந்தது. ஜெர்மனியின் பாட் ஐப்லிங்கில் 2016 பிப்ரவரி 9 அன்று இரு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 12 பேர் இறந்தனர். அங்கே தவறியவர் ஓட்டுநர் அல்லர்; கைபேசியில் விளையாட்டில் ஈடுபட்டிருந்த போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். நம் நாட்டில் 2023 செப்டம்பர் 26 இரவு மதுராவில் மின்தொடர் ரயிலொன்று நடைமேடைமீது ஏறியது. ஓட்டுநர் அறைக்குள் சென்ற ஊழியர் ஒருவர் கைபேசியைப் பார்த்தபடியே தம் பையை வேகத்தைக் கட்டுப்படுத்தும் கைப்பிடிமீது வைத்தது முதற்கட்ட விசாரணையில் குறிப்பிடப்பட்டது. நல்வேளையாக அங்கு உயிரிழப்பு இல்லை.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா அருகே 2013 ஜூலை 24 அன்று, 80 கிலோமீட்டர் வேகமே அனுமதிக்கப்பட்ட வளைவில் ரயில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் சென்று தடம் புரண்டது; 79 பேர் மாண்டனர். விபத்துக்குச் சற்று முன் ஓட்டுநர் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் அது வீண் பேச்சன்று. ரயிலின் பணியாளர் ஒருவர் பணி தொடர்பாக, பணிக் கைபேசியில் அழைத்திருந்தார். சமூக ஊடகத்தை மட்டும் தடுத்துவிட்டால் கவனச் சிதறல் நீங்கிவிடும் என்பது போதிய விடை அன்று என்பதற்கு இது சான்று. துறையே அனுப்பும் அழைப்பும் தகாத நேரத்தில் வந்தால் தீங்கு விளைவிக்கும்.

ஓடும் ரயிலில் கைபேசியை அணைத்து வைத்திருக்க வேண்டும் என்பதும், இன்றியமையாத பேச்சுக்கு ‘வாக்கி டாக்கி’யைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் இந்திய ரயில்வேயில் ஓட்டுநர்களுக்கு நெடுநாளாக அளிக்கப்பட்டுவரும் அறிவுரையாகும். இவ்விதியின் சிறப்பு, அது சமூக ஊடகத்தைப் பெயர் சொல்லித் தடுக்காமல், கவனத்தையே காப்பதில் உள்ளது.

இரகசியத்தைக் காத்தல்

கவனச் சிதறல் ஒரு பக்கம் இருக்க, தகவல் கசிவு மற்றொரு பக்கம் உள்ளது. சமூக ஊடகச் செயலிகள் பல, கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள், இருப்பிடம், படங்கள் ஆகியவற்றைக் காண அனுமதி கேட்கின்றன. தனிமனிதர் அளிக்கும் இசைவு அவரையே சேர்ந்தது. அரசு ஊழியர் பணிக் கைபேசியில் அளிக்கும் இசைவோ, அவருடைய மேலதிகாரிகள், சக ஊழியர்கள், அவரை நாடிவந்த குடிமக்கள் ஆகியோரின் விவரங்களையும் உடன் கொடுத்துவிடுகிறது.

இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69அ பிரிவின்கீழ், டிக்டாக் உட்பட 59 செயலிகளை நாடு முழுவதும் தடை செய்தது. அமெரிக்காவில் கூட்டரசின் கருவிகளில் டிக்டாக்கைத் தடுக்கும் சட்டம் 2022 டிசம்பர் இறுதியில் கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய ஆணையம், கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை 2023 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் இதே வழியைப் பின்பற்றின. பிரான்சு இன்னும் ஒரு படி சென்றது. குறிப்பிட்ட நாட்டின் செயலி என்று பாராமல், பொழுதுபோக்குச் செயலிகள் அனைத்தையும் அரசு ஊழியர்களின் பணிக் கைபேசியிலிருந்து விலக்குவதாக அது 2023 மார்ச் 24 அன்று அறிவித்தது. அதே வேளையில், துறையின் செய்திகளை மக்களுக்குக் கொண்டுசெல்வோருக்கு விதிவிலக்குப் பெறும் வழியையும் வைத்தது. பணியை ஒட்டி விதி அமைய வேண்டும் என்ற கருத்தின் வித்து இவ்விதிவிலக்கில் காணப்படுகிறது.

நம் நாட்டின் கடற்படை 2019 டிசம்பரில் கற்ற பாடம் கசப்பானது. சமூக ஊடகத்தில் நட்புக் கொண்டாடி வலை விரித்தவர்களுக்குத் தகவல் கொடுத்ததாகக் கடற்படையினர் சிலர் கைதாயினர். அதனைத் தொடர்ந்து, போர்க்கப்பல்களிலும் கடற்படைத் தளங்களிலும் திறன் கைபேசியும் முகநூல் முதலியவையும் தடை செய்யப்பட்டன. ரயில்வே ஊழியருக்கு இராணுவ இரகசியம் ஏது என்று கேட்கலாம். இராணுவத் தளவாடங்களும் துருப்புகளும் ரயிலில்தான் பெருமளவு செல்கின்றன. யார்டில் நின்று எடுத்த ஒரு படம், எடுத்தவர் அறியாமலேயே பல செய்திகளைச் சொல்லிவிடக்கூடும்.

சமூக ஊடகமே பணியாகும்போது

இவ்வளவையும் கேட்டபின், முழுத்தடையே நல்லது என்ற முடிவுக்கு வருவது இயல்பு. ஆனால் சாந்த்ராகாச்சி நிலையத்தின் அண்மைக்கால வரலாறு வேறொரு பக்கத்தையும் காட்டுகிறது.

2018 அக்டோபர் 23 அன்று மாலை, இந்நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு இருவர் உயிரிழந்தனர்; பலர் காயமுற்றனர். நாகர்கோவிலிலிருந்து வந்த விரைவு ரயிலும் புறநகர் ரயில்களும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து நின்றன. விசாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் செல்லும் ரயில்கள் வரவிருந்தன. இறங்கியவர்களும் ஏற விரைந்தவர்களும் குறுகிய பாலத்தில் எதிரெதிரே சந்தித்தனர். பாலத்தின் அகலம் போதாமை முதன்மையான குறை என்பதில் ஐயமில்லை. எந்த நடைமேடைக்கு எந்த ரயில் வருகிறது என்ற செய்தி, கூட்டம் திரள்வதற்கு முன்பே மக்களைச் சென்றடைவது எத்துணை இன்றியமையாதது என்பதையும் அந்த மாலைப் பொழுது உணர்த்தியது.

இன்று பயணிகள் அத்தகைய செய்தியைக் கைபேசியில் எதிர்பார்க்கின்றனர். 2014 நவம்பரில் ரயில்வே அமைச்சராகப் பொறுப்பேற்ற சுரேஷ் பிரபுவின் காலத்தில், ட்விட்டர் வழியாகப் பயணிகளின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கும் முறை நாடறிந்ததாயிற்று. குழந்தைக்குப் பால் வேண்டும் என்பது முதல், பெட்டியில் தொல்லை தருவோரைப் பற்றிய புகார் வரை அவ்வழியே வந்தன. எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள அதே தளத்தில் ரயில்வேக் கோட்டங்கள் இன்றும் குறைகளுக்கு விடையளிக்கின்றன. ‘ரயில் மதத்’ இணையதளமும் 139 என்ற உதவி எண்ணும் உடன் இயங்குகின்றன. இப்பணியில் உள்ள ஊழியருக்குச் சமூக ஊடகத்தை மூடினால், அவருடைய மேசையையே மூடியதாகும்.

ஒரே நிலையத்தில், ஒரே துறையின்கீழ், ஓட்டுநர் திரையை நோக்குவது குற்றம். குறைதீர்க்கும் ஊழியர் திரையை நோக்காதது குற்றம். விதி ஒன்றாக இருக்க இயலாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இருக்கும் விதிகள்

விதிகளே இல்லை என்று கூறுவதற்கில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், ரயில்வே ஊழியர்களுக்கு 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் நடைமுறையில் உள்ளன. அதிகாரமின்றி அரசுத் தகவலை வெளியிடுவதை இவை தடுக்கின்றன. செய்தித்தாளையும் வானொலியையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதிகள் எனினும், இவற்றின் கருத்து இன்றைய ஊடகத்துக்கும் பொருந்தும். அரசு நிறுவனங்கள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகள் 2012ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. தேசியத் தகவலியல் மையம் 2022 ஜூனில் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு அறிவுரைகள், நிரந்தர ஊழியருக்கு மட்டுமன்றி ஒப்பந்த ஊழியருக்கும் உரியவை. அரசு ஆவணங்களை வெளியார் சேமிப்புத் தளங்களில் வைப்பதையும், வெளியார் செயலி கொண்டு அவற்றைப் படியெடுப்பதையும் அவை விலக்குகின்றன.

தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இது குறித்துக் கருத்துரைத்தது. அலுவலகத்தில் சக ஊழியர்களைக் கைபேசியில் படம் பிடித்தது தொடர்பான வழக்கில், அலுவல் நேரத்தில் அரசு ஊழியர்கள் சொந்தக் காரியத்துக்குக் கைபேசியைப் பயன்படுத்துவது முறையன்று என்று நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் கூறி, விதிமுறைகளை வகுக்குமாறு மாநில அரசுக்கு உத்தரவிட்டார்.

ஊழியரின் தரப்பு

விதியை மீறுவோர் கீழ்நிலை ஊழியர் மட்டுமே என்று கருதுவது நேர்மையாகாது. பல அலுவலகங்களில் ஆணைகள் வாட்ஸ்ஆப் குழுக்களில் பிறக்கின்றன. கூட்ட அறிவிப்பு, மாத அறிக்கை, ஆய்வின்போது எடுத்த படம், விடுப்பு விண்ணப்பம் என அனைத்தும் அங்கேயே கோரப்படுகின்றன. இரவு பதினொரு மணிக்கு வந்த செய்தியைக் காலை வரை பாராத ஊழியர் விளக்கம் தர வேண்டியுள்ளது. சமூக ஊடகத்தை விலக்குக என்று ஒரு சுற்றறிக்கை. அச்சுற்றறிக்கையும் அதே குழுவிலேயே வருகிறது. இத்தகைய நிலையில் ஊழியர் எதனைப் பின்பற்றுவார்?

மற்றொரு தீங்கும் இதில் உண்டு. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மின்னணு வடிவிலுள்ள செய்தியையும் தகவலாகவே கொள்கிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் அரசு ஆவணங்களைப் பேணும் கடமையை விதிக்கிறது. குழுவில் இட்ட ஆணையோ, அதிகாரி கைபேசியை மாற்றும்போது மறைந்துவிடக்கூடும். பின்னாளில் யார் என்ன உத்தரவிட்டார் என்ற கேள்வி எழுந்தால், சான்றின்றித் துன்புறுபவர் பெரும்பாலும் உத்தரவை நிறைவேற்றியவரே ஆவார்.

கைபேசி யாருடையது என்பதிலும் தெளிவு வேண்டும். உயர் அதிகாரிகளுக்குக் கருவியையே அரசு வழங்குகிறது. மத்திய நிதி அமைச்சகத்தின் 2023 ஜூலை ஆணைப்படி, தகுதியுள்ள அதிகாரிகள் நான்காண்டுக்குப் பின் கருவியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். அதற்குமுன் அதிலுள்ள அரசுத் தகவல்கள் முற்றிலும் நீக்கப்பட வேண்டும். ஆனால் கீழ்நிலையில் பலருக்குக் கிடைப்பது எண் மட்டுமே. கருவி அவர்களுடைய சொந்தப் பொருள். அதில் குடும்பப் படமும் வங்கிக் கணக்கும் உள்ளன. தனிமறைவு அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்துள்ளது. எனவே, பணிக் கைபேசி என்ற பெயரால் சொந்தக் கருவியை விருப்பம்போல் சோதிக்க முற்படுவது முறையாகாது.

பதவிக்கு ஏற்ற விதி

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, பதவிகளை மூவகையாகப் பிரித்து விதி வகுப்பது பயன்தரும்.

முதலாவது, கணநேரக் கவனச் சிதறலும் உயிரிழப்பில் முடியக்கூடிய பணிகள். என்ஜின் ஓட்டுநர், சிக்னல்களை இயக்குவோர், தண்டவாளத்தில் பணிபுரிவோர், பேருந்து ஓட்டுநர் ஆகியோர் இவ்வகையினர். இங்கே பணி நேரத்தில் கைபேசிக்கு முழு விலக்கு வேண்டும். அவ்விலக்கு மேலதிகாரியின் அழைப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். வீட்டில் அவசரம் நேர்ந்தால் செய்தி சொல்லக் கட்டுப்பாட்டு அறையில் ஓர் எண் இருத்தல் அவசியம். அவ்வழி இல்லாவிட்டால், நோயுற்ற தாயையோ குழந்தையையோ விட்டு வந்தவர் கைபேசியை அணைக்கத் தயங்குவார்.

இரண்டாவது, இரகசியத் தகவலைக் கையாளும் பணிகள். இவர்களுக்கு அரசே கருவியை வழங்கி, அனுமதிக்கப்பட்ட செயலிகளை மட்டும் அதில் வைப்பது முறையாகும். சொந்தக் கருவியில் அரசுக் கோப்பை வைத்திருக்குமாறு அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாது.

மூன்றாவது, மக்களோடு தொடர்பு கொள்ளும் பணிகள். இவர்களுக்குச் சமூக ஊடகம் கருவியே. ஆயினும், துறையின் பெயரிலுள்ள கணக்கு வேறு, தம் சொந்தக் கணக்கு வேறு என்ற பாகுபாடும், விடையளித்ததற்கான பதிவும் இன்றியமையாதவை.

மூன்று வகைக்கும் பொதுவாக இரண்டு நெறிகள் போதும். அலுவல் ஆணைகள் மின்னஞ்சலிலோ, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ‘சந்தேஷ்’ போன்ற அரசுச் செயலியிலோ மட்டுமே செல்லத்தக்கவை. கைபேசியில் எது, எப்போது, யாரால் சோதிக்கப்படும் என்பது, அதனை வழங்கும் நாளிலேயே ஊழியரின் மொழியில் எழுத்து வடிவில் தெரிவிக்கத்தக்கது.

சாந்த்ராகாச்சி நிலையத்தில் இரவு ரயிலுக்குக் காத்திருக்கும் பயணி, என்ஜினில் அமர்ந்திருப்பவர் யார் என்று அறியமாட்டார். அவருடைய கண் சிக்னல்மீது இருக்கும் என்று நம்பியே ஏறுகிறார். நடைமேடை மாறினால் உரிய நேரத்தில் யாரேனும் தமக்குத் தெரிவிப்பர் என்றும் நம்புகிறார். ஒரு நம்பிக்கை கைபேசியை அணைத்து வைப்பதால் காக்கப்படுகிறது; மற்றொன்று கைபேசியைத் திறந்து வைப்பதால் காக்கப்படுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறிந்து விதி செய்வதே நிர்வாகத்தின் கடமை. அவ்விதிக்கு முதலில் தாம் கட்டுப்படுவது அதனை வகுக்கும் அதிகாரிகளின் கடமை.